எனாமலுக்குக் கீழே

பட்டாபிஷேக ராமருக்கு நான் போட்ட விலை பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். சீதை, மூன்று தம்பிமார், அனுமார் எல்லாரும் அதில் அடக்கம். படத்தின் மரச் சட்டத்துக்குத் தனியாக ஒன்றும் சேர்க்கவில்லை. அதைக் கரையான் எனக்கு முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது.

விலை கேட்டவர் பட்டாபிராமன், வடக்கே பிழைக்க வந்த தமிழர்களுக்கு ராஸ்தா பேட்டில் இருக்கும் பஜனை சமாஜத்தின் செயலாளர். ராணுவக் கணக்குத் துறையில் முப்பத்தாறு வருடம் தணிக்கை பார்த்து ஓய்வு பெற்றவர். கோயிலில் சுண்டல் வாங்கினாலும் எத்தனை கிராம் என்று மனசுக்குள் எழுதிக்கொள்கிற ஆள். "புதுப்பிக்கறதுக்கு முன்னாடி ஆஸ்திக் கணக்குல மதிப்பு ஏறணும், எழுத்துல கொடும் ஓய்" என்றார். எங்கள் கடை ரசீதிலேயே எழுதிக் கொடுத்தேன். லூர்துசாமி அண்ட் சன்ஸ், கேம்ப், பழம்பொருள், கண்ணாடி, சட்டம். ராமருக்கு ஒரு கிறிஸ்தவன் விலை போடலாமா என்று சமாஜத்தில் யாரும் கேட்கவில்லை. முப்பது வருடமாக அவர்கள் வீட்டுச் சாமிகளுக்கெல்லாம் கண்ணாடி போட்டுக் கொடுப்பவன் நான். நான் தராசு பிடிப்பவன், பூசை செய்பவன் அல்ல என்பது அவர்களுக்கும் தெரியும்.

விஷயம் இதுதான். சமாஜத்துக்கு ஆவணியில் பொன்விழா. நான்கடிக்கு மூன்றடி தஞ்சாவூர்ப் படம், கற்பூரப் புகை குடித்துக் குடித்துக் கறுத்துக் கிடந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் ஒருமுறை இப்படிக் கறுத்தபோது, சினிமா போஸ்டர் வரைகிற ஒருவரைப் பிடித்து, ராமருக்குப் பின்னால் நீலமும் காலடியில் பச்சையுமாக எனாமல் அடித்திருக்கிறார்கள். இப்போது அந்த எனாமலும் வெடித்துவிட்டது. எல்லாவற்றையும் பலகை வரை சுரண்டி எடுத்துவிட்டு, புதிதாகப் பூச்சுப் பூசி, பளபளவென்று தாள் ஒட்டித் தர சுனில் என்கிற ஒப்பந்தக்காரர் நாற்பத்திரண்டாயிரம் கேட்டிருந்தார். கணபதி மண்டல்களின் சதுர்த்திப் பந்தல்களுக்கு அலங்காரம் செய்கிறவர், நல்ல மனிதர். அவரைக் கூட்டிவந்தது நான். அதில் பத்து சதவீதம் எனக்கு. புதுக் கண்ணாடியும் சட்டமும் என் கடையில். இதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை, ஊருக்கே தெரியும்.

நான் ரசீதைக் கிழித்து நீட்டும்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"உள்ள என்ன இருக்குன்னு பாக்காம எப்படிங்க விலை சொன்னீங்க?"

முப்பது வயசுக்குள் இருக்கும் ஒரு பெண். செல்போன் விளக்கைப் பிடித்துக்கொண்டு, ராமரின் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் ஓர் அங்குலத் தூரத்தில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்கவி. கோயம்புத்தூர்க்காரி, விமான் நகரில் வாடகைக்கு இருக்கிறாள், வெள்ளிக்கிழமை பஜனைக்கு மூன்று மாதமாக வருகிறாள். இதெல்லாம் அப்புறம் தெரிந்தது. அப்போது தெரிந்தது ஒன்றுதான். என்னைச் சரியான இடத்தில் குத்திவிட்டாள்.

எங்கள் அப்பா தூத்துக்குடியில் வத்தல் மண்டி வைத்திருந்தவர். மூட்டைக்குள் குத்தூசி விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்க்காமல் விலை சொல்கிறவனுக்கு எங்கள் சனம் பெண் கொடுக்காது. நான் மேலே கிடந்த நாலு வத்தலைப் பார்த்து மூட்டைக்கு விலை சொல்லியிருக்கிறேன். அதுவும் எழுத்தில்.

"உள்ள பலகைதாம்மா இருக்கும்" என்றேன்.

"பலகை இருக்குங்க. நடுவுல?"

மறுநாள் சாயங்காலம் அவள் கேம்ப்பில் இருக்கும் என் கடைக்கே வந்துவிட்டாள், மழையில் பாதி நனைந்து. தளேகாவ் தொழிற்பேட்டையில், கார்க் கம்பெனிகளுக்குப் பெயின்ட் அளக்கும் கருவி செய்து தருகிற ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. ஒரு கார் கதவில் நாலு கோட்டு பெயின்ட் இருக்குமாம். ஒவ்வொன்றும் தலைமுடி கனம்கூட வராது. கதவைக் கீறாமல், தொடாமல், ஒவ்வொரு கோட்டும் எத்தனை மைக்ரான் என்று அவர்கள் மெஷின் சொல்லிவிடுமாம்.

"எக்ஸ்ரேயா?"

"இல்லைங்க. எக்ஸ்ரே எல்லாத்தையும் துளைச்சுட்டுப் போயிரும், உடம்புக்கும் ஆகாது. இது டெராஹெர்ட்ஸ். மைக்ரோவேவ் அடுப்புல இருக்கிற அலைக்கும் வெளிச்சத்துக்கும் நடுவுல ஒரு அலை. பெயின்ட், சுண்ணாம்பு, துணி, மரம் எல்லாத்துக்குள்ளயும் மெதுவா போகும். ஒவ்வொரு லேயர் மாறுற இடத்துலயும் கொஞ்சம் திரும்பி வரும். எவ்வளவு நேரம் கழிச்சுத் திரும்புதோ அதை வெச்சு ஆழம் தெரிஞ்சுக்கலாம். கிணத்துல கல்லைப் போட்டுச் சத்தம் கேக்குற மாதிரி."

ஓட்டை போடாத குத்தூசி. எங்கள் அப்பா கேட்டிருந்தால் மண்டியை விற்றாவது ஒன்று வாங்கியிருப்பார்.

"சரி, அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"எனாமல் வெடிச்ச இடத்துல ஏதோ மினுங்குதுங்க. சுனில் சார் அடுத்ததுக்கு அடுத்த சனிக்கிழமை படத்தை எடுத்துட்டுப் போறார். எடுத்ததும் பலகை வரைக்கும் சுரண்டிருவார். அதுக்குள்ள உள்ள என்ன இருக்குன்னு நான் காட்டணும். எங்க ஃபேக்டரிக்கு வியாழக்கிழமை லீவு. மேனேஜர் ரெண்டு வியாழக்கிழமை மெஷினைத் தர்றேன்னுட்டார். படத்தைக் கீறல் படாம கொண்டுபோக உங்க வேன் வேணும். கமிட்டிக்கு உங்க மேலதான் நம்பிக்கை."

"சுனிலைக் கூட்டியாந்ததே நான்தான், தெரியுமா?"

"தெரியுமுங்க. அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். எதிர்க்கட்சியை முதல்ல பேசி முடிச்சிரணும்னு எங்க அப்பா சொல்வார்."

"அப்பா என்ன வியாபாரம்?"

"தேங்காய் மண்டிங்க, பொள்ளாச்சில."

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். தளேகாவ் போக வர மூவாயிரம் கேட்டேன். ஆயிரத்து இருநூறு என்றாள். மழை, பெட்ரோல், டோல் என்று நான் அடுக்க, "நீங்க சொன்ன விலை சரியா தப்பான்னு இனாமா தெரியப் போகுதே, அதைக் கழிக்க வேண்டாமா?" என்றாள். ஆயிரத்து ஐந்நூறில் முடிந்தது. முப்பது வருடத்தில் கேம்ப்பில் என்னைப் பாதிக்கு இறக்கியவர்கள் மூன்று பேர். மற்ற இருவரும் பார்சிகள்.

பட்டாபிராமன் சம்மதிக்க ஒரு மணி நேரம் பிடித்தது. கீறல் விழாது என்று பார்கவியிடம் ஒரு உறுதிமொழி, படத்துக்கு நான் பொறுப்பு என்று என்னிடம் ஒரு உறுதிமொழி. சமாஜத் தலைவர் ஸ்ரீநிவாசன், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், தலையை மட்டும் ஆட்டினார். பட்டாபிராமன்தான் கெடு வைத்தார்: "ரெண்டு வியாழன். சனிக்கிழமை சுனில் வந்து எடுத்துண்டு போயிடுவான். பொன்விழாவைத் தள்ளிப்போட முடியாதும்மா."

"அதுக்குள்ள முடிச்சிருவேனுங்க சார்."

முதல் வியாழக்கிழமை விடாத தூறல். காலை ஏழு மணிக்குச் சமாஜத்துக்குப் போனபோது, ஸ்ரீநிவாசனின் மனைவி ஆனந்தவல்லி மாமி படத்தைத் துணியில் கட்டித் தயாராக வைத்திருந்தார். ஆம்னி வேனின் பின்சீட்டை மடக்கி, இரண்டு மெத்தைக்கு நடுவே ராமரைக் கிடத்தி, மழையோடு மழையாகத் தளேகாவ் போய்ச் சேர்ந்தோம்.

விடுமுறை நாளில் தொழிற்பேட்டை கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரி இருந்தது. உள்ளே ஒரு ரோபோ கை. அதன் நுனியில் இளநீர் அளவுக்கு ஒரு மூக்கு. பார்கவி படத்தை மேசையில் கிடத்தி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். மூக்கு, படத்தைத் தொடாமல், ஒரு விரல் உயரத்தில் வரிவரியாக உழுதுகொண்டு போனது. திரையில் வரிவரியாக வந்தது சேறு.

ஒரு மணி நேரம் போனது. சேறு. அவள் ஒரு கார் கதவை எடுத்து வைத்து அளந்தாள். நாலு கோட்டும் நாலு சிகரமாகத் துல்லியமாக வந்தன. பிறகு தானே சுண்ணாம்பும் புளியங்கொட்டைப் பசையும் கலந்து பூசிக் காயவைத்திருந்த ஒரு பலகையை வைத்தாள். அதுவும் வந்தது. மறுபடி ராமர். மறுபடி சேறு.

"மெஷின் கிறிஸ்தவ மெஷினோ என்னவோ" என்றேன். அவள் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றி, நீலப் பரப்பின் ஓரத்தில் புறங்கையை வைத்தாள்.

"அண்ணாச்சி, இது சில்லுனு இருக்கு. யாராச்சும் தண்ணி தொட்டுத் துடைச்சாங்களா?"

மாமிக்குப் போன் போட்டேன்.

"துடைக்காம? ஐம்பது வருஷத்துல பகவான் முதல் தடவையா வெளியூர் கிளம்பறார். முகம் கழுவிவிடாமலா அனுப்புவா? வெந்நீர்ல துணி நனைச்சு நன்னா ஒத்தி எடுத்தேன். அப்பறம் பன்னீர் தெளிச்சேன். ஏன், வாசனை நன்னா இருக்கோல்லியோ?"

வாசனை நன்றாகத்தான் இருந்தது. வேனில் வரும்போதே நினைத்தேன், இந்தப் பிள்ளை போட்டிருக்கும் சென்ட் உயர்ந்த ரகம் என்று.

இந்த அலைக்கு இரண்டு எதிரிகளாம். ஒன்று உலோகம், பட்டதும் முழுசாகத் திரும்பிவிடும். இன்னொன்று தண்ணீர், முழுசாக விழுங்கிவிடும். எனாமல் வெடிப்பு வழியாகச் சுண்ணாம்புப் பூச்சுக்குள் மாமியின் பன்னீர் இறங்கியிருந்தது. ஒரு வியாழக்கிழமை போயிற்று.

மாமியை நாலு வார்த்தை திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "தப்பு என்னுதுங்க" என்றாள். "ஈரம் ஆகாதுன்னு நான் சொல்லியிருக்கணும். பெயின்ட் ஷாப்புல கார் கதவுக்கு யாரும் பன்னீர் தெளிக்க மாட்டாங்க. எனக்குத் தோணவேயில்லை."

"ஹீட்டர் கீட்டர் வெச்சுக் காயப் போடு."

"சூடு பட்டா பூச்சு வெடிச்சிருங்க. வெயில் கூடாது, அதுவும் இப்ப எங்க இருக்கு. மெதுவா, ஈரத்தை மட்டும் உறிஞ்சி எடுக்கணும். அடுத்த வியாழக்கிழமைக்குள்ள." கண்ணாடிக்கு வெளியே மழை ஊற்றியது. அவள் அதைப் பார்த்த பார்வையில், கொஞ்சம் மானமிருந்தால் மழை நின்றிருக்கும்.

என்ன வேண்டும் என்று கேட்டேன். சிலிக்கா ஜெல், நிறைய, இன்றைக்கே என்றாள். புதுச் செருப்புப் பெட்டிக்குள் 'சாப்பிடாதீர்கள்' என்று எழுதிக் கிடக்குமே, அந்தச் சின்னப் பொட்டலம். அதற்கு ஏன் கம்பெனிக்கு ஆர்டர் போட்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டும்? கேம்ப்பில் செருப்புக் கடைக்கா பஞ்சம்? அன்றைக்கே ஒன்பது கடை ஏறி இறங்கினேன். ஒவ்வொரு கடைக்காரனும் எனக்கு ஏதாவது ஒரு விதத்தில் கடமைப்பட்டவன். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் நானூறு பொட்டலம் சேர்ந்துவிட்டது.

அடுத்த தடை வெள்ளிக்கிழமை. படத்தைப் பொட்டலங்களோடு பெரிய பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஒட்டியிருந்தோம். மாமி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"படம் இல்லாம பஜனையா? நன்னாருக்கு."

"படம் இருக்குங்க மாமி. இங்கேயே ஸ்டாண்டுல வெச்சிரலாம். உறையை மட்டும் பிரிக்க வேண்டாம். பூ மேலேயே சாத்துங்க. விளக்கு கொஞ்சம் தள்ளி" என்றாள் பார்கவி. "ஆறு நாள், மாமி. தண்ணி, பன்னீர், சந்தனம் ஒண்ணும் வேண்டாம். நீங்க மனசு வெச்சாதான் நடக்கும்."

"என்னமோ ரேஷன் அரிசி மாதிரி கட்டி வெச்சிருக்கேள். அது என்ன உள்ளே பொட்டலம் பொட்டலமா? எங்க வாங்கினது?"

பார்கவி வாயைத் திறந்தாள். பொய் சொல்லத் தெரியாத வாய் அது, பார்த்தாலே தெரியும். நான் முந்திக்கொண்டேன். "கேமரா கடையில மாமி. லென்சு கெடாம இருக்க வெப்பாங்க." செருப்புக் கடை என்று சொல்லியிருந்தால் ராமர் அன்றைக்கே பன்னீரில் குளித்திருப்பார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாவமன்னிப்பில் இதைச் சொல்ல நினைத்து, ஃபாதருக்கு விளக்குவதற்குள் பூசை முடிந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

தினமும் வேலை முடிந்து, பார்கவி தளேகாவிலிருந்து லோக்கல் ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடித்து ராஸ்தா பேட்டுக்கு வந்தாள். ஈரம் உறிஞ்சிய பொட்டலங்களை எடுத்துவிட்டுப் புதிது வைப்பாள். பிறகு நான் கடையிலிருந்து கொண்டுவந்து வைத்த தராசில் படத்தை நிறுப்போம். வெள்ளிக்கிழமை பதினாலு கிலோ முந்நூற்றிருபது கிராம். சனி, பதினாலு இருநூற்று அறுபது. திங்கள், பதினாலு நூற்றுத் தொண்ணூறு. செவ்வாயும் புதனும் முள் அசையவில்லை. "இனி போறதுக்குத் தண்ணி இல்லைங்க" என்றாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தது. சுனில் போன் செய்து "அண்ணா, சனிவார் பக்கா?" என்று கேட்டார். பக்கா என்றேன். வேறென்ன சொல்ல?

இரண்டாவது வியாழன். பொத்தானை அழுத்தியதும் நானும் அவளும் திரையைப் பார்க்கவில்லை, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முதல் வரி வந்தது. சேறு இல்லை. சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடுகள், பரோட்டா மாதிரி அடுக்கடுக்காக.

"மேல இருக்கிறது வார்னிஷ். இது எனாமல், ரெண்டு கோட்டு. அதுக்குக் கீழ பாருங்க, பழைய கலர். அப்புறம் சுண்ணாம்பு. அது துணி." ஒவ்வொரு கோடாக விரலை இறக்கிக்கொண்டே வந்தாள்.

ராமர், சீதை இருந்த இடங்கள் வெள்ளை வெளேரென்று வந்தன. அவர்கள் மேல் ஒட்டிய தங்கத் தாள் அலையை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டது. அதற்கு அடியில் எதுவும் தெரியாது. "அங்க நம்ம ஜம்பம் பலிக்காதுங்க" என்றாள். மூக்கு மெதுவாக இடப்பக்கம் போனது. சிம்மாசனத்துக்குப் பக்கத்தில், எழுபத்தெட்டாம் வருடத்து நீலத்தைத் தவிர ஒன்றும் இல்லாத இடம்.

அங்கே ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. பத்து நிமிடத்தில் அதற்கு நேராக இன்னொன்று. பிறகு அவற்றுக்குக் கீழே வளைவாக ஒரு வரிசை. இன்னும் கீழே இரண்டு வட்டம். நடுவில் அகலமாக ஒரு பட்டை.

பார்கவிக்கு என்னவென்று பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டது. அடகுக் கடைகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான்.

"தோடு ரெண்டு. அட்டிகை. காப்பு ரெண்டு. ஒட்டியாணம்" என்றேன்.

ஆள் இல்லை. முகம் இல்லை. பழைய வண்ணம் அத்தனை மெல்லியது, மெஷினுக்கு அதன் கோடு தெரியவில்லை. தங்கத் தாள் நகை மட்டும் எனாமலுக்கு அடியில், ஒரு பெண் உட்கார்ந்தால் எங்கெங்கே இருக்குமோ அங்கங்கே, இருட்டில் மின்னிக்கொண்டிருந்தது. பட்டாபிஷேகத்தில், படத்தின் இடப்பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்திருந்த யாரோ ஒருத்தி. படம் செய்யப் பணம் கொடுத்தவளோ, கதையில் வருகிறவளோ, தெரியாது. போஸ்டர்க்காரர் அவள் மேல் நீலம் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

நான் எத்தனையோ பொருளை வாங்கியிருக்கிறேன், விற்றிருக்கிறேன். பார்த்ததும் கை வாயைப் பொத்திக்கொண்டது அன்றைக்குத்தான்.

பார்கவி இன்னொரு வேலையும் செய்தாள். படத்தின் வலது ஓரத்தில், மாலை மாட்ட யாரோ அடித்த ஆணி விழுந்து, பலகை தெரிகிற மாதிரி ஒரு பள்ளம் இருந்தது. அதற்குள் ஆழம் அளக்கும் கருவியின் ஊசியை விட்டு அளந்தாள். பள்ளத்துக்குப் பக்கத்திலேயே மெஷின் சொன்ன லேயர்களையும் கூட்டினாள். இரண்டையும் பார்த்து உதட்டைக் கடித்தாள். மறுபடி அளந்தாள். மூன்றாம் முறையும்.

வெள்ளிக்கிழமை மாலை, பஜனைக்கு முன்னால் கமிட்டி கூடியது. ஸ்ரீநிவாசன், மாமி, பட்டாபிராமன், சுனில், நான். பார்கவி மடிக்கணினியைத் திருப்பி வைத்து நகையைக் காட்டினாள்.

"யாருது இது?" என்றார் ஸ்ரீநிவாசன்.

"தெரியாதுங்க சார்."

"ராமாயணத்துல அந்த எடத்துல இப்படி ஒரு பொம்மனாட்டி கிடையாதே."

"இருக்கலாமுங்க, இல்லாமலும் இருக்கலாம். சுரண்டிட்டா ரெண்டுமே தெரியாமப் போயிரும். மேல இருக்கிற எனாமலை மட்டும், மெதுவா, தெரிஞ்சவங்களை வெச்சு எடுக்க முடியும். அதுக்கு நாள் ஆகும்."

சுனில் திரையை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "அரே மேடம், புரானா ஜரி காகஸ் ஹை. தின்னர் அடிச்சா அஞ்சு நிமிஷம், சாஃப்" என்றார் தனக்குத் தெரிந்த அரைத் தமிழில். பழைய ஜரிகைத் தாள்தானாம். மனிதர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னதுதான் பயமாக இருந்தது.

ஸ்ரீநிவாசன் பெருமூச்சு விட்டார். "குழந்தை கஷ்டப்பட்டுப் பண்ணியிருக்கா. போட்டோவை பிரிண்ட் போட்டுப் பக்கத்துல மாட்டிடுவோம். ஆனா ஆவணிக்கு நாலு வாரம்கூட இல்லை. நமக்கு ராமர் பளிச்சுன்னு இருக்கணும். கறுத்த படத்தை வெச்சுண்டு பொன்விழா கொண்டாடினா பாம்பேலேர்ந்து வர்றவா என்ன நினைப்பா? நாளைக்கு சுனில் எடுத்துண்டு போகட்டும்."

பார்கவி எழுந்து நின்றாள். "சார், நான் அழகுக்காகக் கேக்கலீங்க. இது ஒரு தடவைதான் எடுக்க முடியும். எடுத்தா திரும்ப வைக்க முடியாது. அதை மட்டும் யோசிங்க."

"யோசிச்சாச்சும்மா."

பட்டாபிராமன் திரைப் பக்கம் திரும்பவே இல்லை. அவர் கையில் இருந்தது பார்கவி கொடுத்த ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கம், எண்கள் மட்டும் இருந்த பக்கம். மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பேனாவால் ஒவ்வொரு வரியாகத் தட்டிக்கொண்டு வந்தார். வேனிலேயே அவளிடம் சொன்னேன், கூட்டல் இடிக்கிறதே, துணிக் கனத்தைக் கொஞ்சம் ஏற்றிப் போட்டுவிடு, யார் போய் அளக்கப் போகிறார்கள் என்று. மண்டியில் சாக்குக் கனத்தில் எத்தனையோ விஷயம் ஒளிந்திருக்கிறது. "அளந்தது இவ்வளவுதாங்க, அண்ணாச்சி. வந்ததைத்தான் எழுதுவேன்" என்று சொல்லிவிட்டாள். இப்போது கிழவர் அந்த ஓட்டையில் விரலை விட்டு மொத்த ரிப்போர்ட்டையும் கிழிக்கப் போகிறார்.

"ஏம்மா, இது ஆணி விழுந்த எடத்துல எடுத்த கணக்கா?"

"ஆமாங்க சார்."

"டாலி ஆகலையே."

"ஆகலைங்க."

"ஏன்?"

"மூணு தடவை பாத்துட்டேனுங்க. ஒண்ணு, சுண்ணாம்புக்குள்ள அலை எவ்வளவு வேகமா போகுதுன்னு நான் போட்ட அனுமானம் தப்பா இருக்கலாம். இல்லைன்னா துணிக்கும் பலகைக்கும் நடுவுல இன்னும் ஏதோ இருக்கு. அவ்வளவு ஆழத்துல சிக்னல் செத்துருதுங்க. எதுன்னு எனக்குத் தெரியலை."

"தெரியலைன்னு எழுத்துல கொடுப்பியா?"

"கொடுத்திருக்கேனுங்க. கடைசி வரி."

பட்டாபிராமன் கடைசி வரியைப் படித்தார். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நிமிர்வை நான் பார்த்ததில்லை. முப்பத்தாறு வருடம் எத்தனை மேசைகளுக்கு எதிரே அப்படி உட்கார்ந்தாரோ.

"ஸ்ரீநிவாசா, சுனிலை நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிடு."

"என்ன சொல்றே?"

"சமாஜத்தோட ஆஸ்தியில கணக்குக்கு வராத ஐட்டம் ஒண்ணு இருக்கு. வித்தியாசம் இருக்குன்னு அளந்தவாளே எழுத்துல கொடுத்துட்டா. இது ஆடிட் அப்ஜெக்‌ஷன். அப்ஜெக்‌ஷன் தீர்ற வரைக்கும் அந்த ஆஸ்தியை விக்கவோ மாத்தவோ சுரண்டவோ கூடாது. இந்த ஒரு விதியை வெச்சுண்டு நான் மேஜர் ஜெனரல்களையே நிறுத்தியிருக்கேன். நீ எந்த மூலைக்கு?"

"ஓய், இது ராமர் படம்! மிலிட்டரி லாரி இல்லை!"

"லாரியா இருந்தா எழுதித் தள்ளியிருப்பேன். எல்லாம் சரியா கூட்டல் வந்திருந்தா நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். இத்தனை லேயர், இத்தனை கனம், முடிஞ்சுது கதை, சுரண்டு. கூட்டல் வரலையே. உள்ளே என்ன இருக்குன்னு தெரியாம எப்படி ரைட் ஆஃப் பண்றது?"

"அப்போ பொன்விழா? ராமர் கறுப்பா இருப்பாரே?"

மாமி பூத்தொடுப்பதை நிறுத்தாமலே கேட்டார். "அவர் எப்போ சிவப்பா இருந்தார்?"

ஸ்ரீநிவாசன் மனைவியைப் பார்த்தார், பட்டாபிராமனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் மேலே மின்விசிறியைப் பார்த்தேன். சுனில் தோளைக் குலுக்கிக்கொண்டு, கணபதி சீசன் வருகிறது, தலைக்கு மேல் வேலை கிடக்கிறது என்று டீயைக் குடித்துவிட்டு எழுந்தார். வாசலில் என்னைத் தனியாக அழைத்து, "அண்ணா, உஸ் லட்கி கோ மேரே பாஸ் பேஜோ, மேரே ஹிசாப் மே பீ குச் மில்தா நஹீ" என்றார். அவர் கணக்கிலும் ஏதோ இடிக்கிறதாம். அந்தப் பெண்ணை அனுப்பி வைக்கச் சொன்னார்.

உள்ளே பார்கவி இன்னும் நின்றுகொண்டேதான் இருந்தாள். ஜெயித்தது அவளுக்கு உறைக்கவில்லை. "சார், அப்ஜெக்‌ஷன் எப்பங்க தீரும்?"

"நீ தீர்க்கறப்போ" என்றார் பட்டாபிராமன். "மாசம் ஒரு வியாழக்கிழமை உங்க மேனேஜரைக் கேளு. அவர் மாட்டேன்னா என்கிட்ட சொல்லு, லெட்டர் போடறேன். அவசரம் இல்லை. ஆனா அட்ஜஸ்ட்மென்ட் மட்டும் பண்ணிடாதே." இதைச் சொல்லும்போது ஏன் என் பக்கம் திரும்பினார் என்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு தீர்மானப் புத்தகத்தை இழுத்து, பேனா மூடியைக் கழற்றி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். பின்னால் ஜால்ராவை எடுத்து யாரோ தட்டிப் பார்த்தார்கள். அவர் நிமிரவில்லை. எழுதி முடித்துப் பார்கவியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சாட்சிக்கு என்னிடம் நீட்டினார். நான் கையெழுத்துப் போட்ட பக்கம் இது.

பட்டாபிஷேகப் படம், ஆணிப் பள்ளத்தின் அருகே, மைக்ரானில்:

வார்னிஷ் 60
எனாமல், இரண்டு கோட்டு 150
பழைய வண்ணம் 40
சுண்ணாம்புப் பூச்சு 870
துணி 240
கூடுதல் 1360
பலகை வரை அளந்த ஆழம் 1480
வித்தியாசம் 120, நிலுவை.